லாரன்ஸா, லொரென்ட்சோவா, லாஷா: ஒரே பெயரின் எந்த வடிவத்தைப் பிள்ளைக்கு வைப்பது?

பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பேரன். பாட்டனின் பெயர் லாரன்ஸ், பேரன் பிறந்தது பாரிஸிலோ ஒஸ்லோவிலோ சூரிச்சிலோ என்றால், லாரன்ஸ் என்றே வைப்பதா, அந்த ஊரார் வாயில் வழங்கும் வடிவத்தை வைப்பதா என்ற கேள்வி வீட்டில் எழும். ஐரோப்பாவில் இந்தப் பெயருக்கு ஏறக்குறைய மொழிக்கொரு வடிவம் உண்டு. ஒன்று கூப்பிட எளிது, எழுதினால் தொல்லை. இன்னொன்று எழுத எளிது, ஆனால் பக்கத்து நாட்டில் அது பெண் பெயர். பொருளை மட்டும் பார்த்துப் பெயர் வைப்பவர்களுக்கு இது பிறகுதான் தெரியவருகிறது. பொருள் எல்லா வடிவங்களுக்கும் பொது. எந்த வடிவம் என்பதைக் கூப்பிடும் வாயையும், பதிவு ஏட்டையும், கடவுச்சீட்டையும் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

பொருள்: வெற்றிவாகைக்கு முன் ஓர் ஊர்

பெயர்ப் பட்டியல் தளங்களில் ‘லாரன்ஸ் என்றால் வெற்றி வாகை சூடியவன்’ என்று போட்டிருப்பார்கள். அது பாதி உண்மை. லத்தீனில் மூலப் பெயர் லவ்ரென்டியுஸ். நேர்ப் பொருள் ‘லவ்ரென்டும் ஊர்க்காரன்’. திருநெல்வேலிக்காரர், யாழ்ப்பாணத்தார் என்பது போன்ற ஊர்ப் பெயர்தான். லவ்ரென்டும் பழைய லாட்டியம் பகுதியில், ரோமுக்குத் தென்மேற்கே கடலோரத்தில், ஓஸ்தியாத் துறைமுகத்துக்கு அருகே இருந்தது. ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினிக்கு அங்கே ஒரு கடற்கரை மாளிகை இருந்தது. ரோமிலிருந்து 17 மைல் தூரம் என்று தன் கடிதம் ஒன்றில் அவரே குறித்திருக்கிறார்.

அந்த ஊருக்கு ஏன் அந்தப் பெயர் என்பதில்தான் இலை நுழைகிறது. லத்தீனில் லவ்ருஸ் என்றால் லாரல் மரம். லாட்டினுஸ் மன்னன் கோட்டை கட்டும்போது அங்கே ஒரு லாரல் மரத்தைக் கண்டு, அதை அப்பல்லோவுக்கு அர்ப்பணித்து, குடிகளுக்கு அதன் பெயரையே வைத்தான் என்று வர்ஜில் ‘ஈனியட்’ ஏழாம் காண்டத்தில் பாடுகிறார். ரோமானியத் தளபதிகள் வெற்றி ஊர்வலத்தில் சூடியது இந்த இலை மாலையைத்தான். ‘வெற்றியாளன்’ என்ற பொருள் இப்படி மூன்றாம் கையாக வந்து சேர்ந்தது. பிள்ளை பெரியவனாகிக் கேட்டால் ஊர், மரம், மாலை என்று இதே வரிசையில் சொல்லிக் கொடுங்கள்.

இந்த லாரல் இலையை நம் பிரியாணியில் போடும் பிரிஞ்சி இலை என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம், வேறு வேறு மரம். இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் போதும். பிரிஞ்சி இலையில் காம்பிலிருந்து நுனிவரை மூன்று நரம்புகள் நீளவாக்கில் ஓடும், கசக்கினால் பட்டை வாசம் வரும். லாரல் இலை அதைவிடச் சிறியது. நடுவில் ஒரே நரம்பு, அதிலிருந்து இருபக்கமும் கிளை நரம்புகள் பிரியும்.

சில மொழிகளில் பெயருக்குள் இலை இன்னும் கேட்கிறது. குரோவேஷியனில் லாரல் ‘லொவோர்’, பெயர் லொவ்ரோ. செக்கில் மரம் ‘வவ்ர்ஜீன்’, பெயர் வவ்ர்ஜினெட்ஸ். போலிஷில் மரம் ‘வவ்ஜின்’, பெயர் வவ்ஜின்யெட்ஸ். போர்த்துக்கேயத்தில் ‘லோரெய்ரு’ மரம், லோரென்சு பெயர். ஹங்கேரியனில் லாரலுக்கு ‘பாபேர்’ என்று முற்றிலும் வேறு சொல் இருப்பதால் அங்கே உறவு அறுந்துவிட்டது. பொருள் காதில் விழ வேண்டும் என்பவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம்.

இத்தனை வடிவங்கள் எப்படி வந்தன

பெயரைப் பரப்பியவர் ஒரே ஒருவர்: ரோமின் திருத்தொண்டர் புனித லாரன்ஸ். வலேரியன் பேரரசன் காலத்தில், திருத்தந்தை இரண்டாம் சிக்ஸ்துஸ் கொல்லப்பட்டு நான்காம் நாள், 258 ஆகஸ்ட் 10 அன்று கொல்லப்பட்டார். அவரை இரும்புக் கட்டிலில் கிடத்தித் தீயில் வாட்டினார்கள் என்பது மரபு. அதனால்தான் ஓவியங்களில் அவர் கையில் எப்போதும் ஒரு கம்பி அடுப்பு இருக்கும்.

அந்தத் தேதி ஐரோப்பிய வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. 955 ஆகஸ்ட் 10 அன்று லெக்ஃபெல்டில் ஜெர்மன் மன்னர் முதலாம் ஓட்டோ மகியார் (ஹங்கேரியர்) படையை முறியடித்தார். 1557-இல் அதே நாளில் செயின்ட் குவென்டின் போரில் ஸ்பெயின் வென்றது. அந்த நினைவாக ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் எழுப்பிய எஸ்கோரியால் மடத்துக்குப் புனித லாரன்ஸின் பெயரையே வைத்தார். அதன் தரைப்படம் அந்தக் கம்பி அடுப்பை ஒத்திருக்கும். 1500-இல் அதே நாளில் போர்த்துக்கேயர் மடகாஸ்கரைக் கண்டு ‘சான் லோரென்சு’ என்று பெயரிட்டார்கள். 1535-இல் அதே நாளில் ஜாக் கார்ட்டியே கனடாவில் ஒரு விரிகுடாவுக்கு வைத்த பெயர்தான் பின்னர் செயின்ட் லாரன்ஸ் ஆறு ஆயிற்று. இலங்கைக் கரைக்கு 1505-இல் வந்த முதல் போர்த்துக்கேயத் தளபதியின் பெயரும் லோரென்சு த அல்மேய்தா. ஆக, இந்தப் பெயரின் போர்த்துக்கேய வடிவம் நம் பக்கம் வந்து 500 ஆண்டுக்கு மேல் ஆகிறது.

வடிவங்கள் பிரிந்த விதத்தில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. கிரேக்கத்தில் ‘அவு’ என்ற ஈருயிர் (இரண்டு உயிர் சேர்ந்த ஒலி) பிற்காலத்தில் ‘அவ்’ ஆனது. கிரேக்கத் திருச்சபை வழியாகப் பெயர் சென்ற இடமெல்லாம் ‘லவ்ரென்’ என்று தொடங்கும்: கிரேக்கத்தில் லவ்ரென்டியோஸ், ரஷ்யனில் லவ்ரென்தி, செர்பியனில் லவ்ரென்தியே. ரோம் வழியாகச் சென்ற இடங்கள் பலவற்றில் அதே ஈருயிர் ‘ஒ’ ஆகச் சுருங்கியது: இத்தாலியில் லொரென்ட்சோ, பிரான்ஸில் லொரான், ஜெர்மனியில் லோரென்ட்ஸ். வடக்கே நடு அசை தேய்ந்து லார்ஸ். மேற்கு ஸ்லாவிய மொழிகளில் முதல் எழுத்தே மாறி ‘வ’ ஆயிற்று. தமிழிலும் ல மொழிமுதலில் வராது என்பதால் திருச்சபை நூல்கள் ‘இலாரன்சு’ என்று எழுதுகின்றன. எழுத்து மாறினாலும் ஆள் மாறுவதில்லை.

லாரன்ஸ்: நமக்குப் பழகியது, பிரெஞ்சில் சிக்கல்

ஆங்கில வடிவத்துக்கு இரண்டு எழுத்துக்கூட்டல்கள்: எல்-ஏ-யூ என்று தொடங்குவது ஒன்று, எல்-ஏ-டபிள்யூ என்று தொடங்குவது ஒன்று. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இரண்டும் புழக்கத்தில் உள்ளதால் எந்த அலுவலகத்திலும் முதல் முறை தவறாகத்தான் எழுதுவார்கள். ஒவ்வொரு முறையும் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டிவரும்.

இதைவிடப் பெரிய தொல்லை பிரெஞ்சில். யூ போட்ட வடிவம் அங்கே பெண் பெயர், உச்சரிப்பு ‘லொரான்ஸ்’. 1960களிலும் 70களிலும் பிறந்த பிரெஞ்சுப் பெண்களில் இந்தப் பெயர் மிகப் பரவலானது. பையனுக்கு இதை வைத்தால் மருத்துவமனைக் கடிதமும் பள்ளிக் கடிதமும் ‘மதாம்’ என்று வரும். டபிள்யூ போட்டால் தாளில் தப்பிக்கலாம், ஆங்கில ஆண் பெயர் என்று புரிந்துகொள்வார்கள். தொலைபேசியில் தப்ப முடியாது. காதுக்கு இரண்டும் ஒன்றே. பிரான்ஸ், பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் வலோனியா, சுவிட்சர்லாந்தின் மேற்கு மாநிலங்கள் ஆகியவற்றில் வாழ்பவர்கள் பையனுக்கு இந்த வடிவத்தை முதற்பெயராக வைக்காமல் இருப்பதே நல்லது.

பிரெஞ்சில் ஆண் வடிவம் லொரான். கடைசி எழுத்து டி, ஒலிக்காது. மூக்கொலியில் முடியும். தமிழ் வாய்க்கு அந்த மூக்கொலி எளிதில் வராது. வீட்டில் பாட்டி ‘லொரான்’ என்று ன் அழுத்திச் சொல்வார், பிள்ளைக்கு அதுவே வீட்டுப் பெயராகிவிடும். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் ‘லாரென்ட்’ என்று டி-யை அடித்துச் சொல்வார்கள். தவிர, பிரான்ஸில் இன்று லொரான் என்றால் ஐம்பது வயதுக்காரர் ஒருவரின் முகம்தான் நினைவுக்கு வரும். வகுப்பில் அவன் ஒருவனுக்கு மட்டும் ஆசிரியரின் பெயர் இருக்கும்.

லொரென்ட்சோ: பயணத்துக்கு ஏற்றது

இத்தாலிய, ஸ்பானிய வடிவங்களுக்கு எழுத்துக்கூட்டல் ஒன்றே: ஏழு எழுத்து, தலையிலும் அடியிலும் குறி எதுவும் இல்லை. உச்சரிப்பு மட்டும் ஊருக்கு ஊர் மாறும். இத்தாலியில் லொரென்ட்சோ, மாட்ரிட்டில் லொரென்தோ, லத்தீன் அமெரிக்காவில் லொரென்சோ. யார் எப்படிச் சொன்னாலும் அது எந்தப் பெயர் என்பதில் ஐயம் வராது, ஆண் பெயர் என்பதிலும் ஐயம் வராது. ஃபுளோரன்ஸின் லொரென்ட்சோ தெ மேதிச்சியால் (1449–1492) படித்தவர்கள் எல்லாருக்கும் பழகிய பெயர். ஸ்பெயினில் பேச்சுவழக்கில் சூரியனைக் கூட ‘லொரென்தோ’ என்பார்கள்.

சுருக்கப் பெயர்களில் ரென்ட்சோ நேரடிப் பிள்ளை. என்ட்சோவையும் இதன் சுருக்கமாக வழங்குகிறார்கள், ஆனால் அது ஜெர்மானிய ஹைன்ரிக் வழியிலும் வருவது. பாட்டன் பெயர்தான் வேண்டும் என்றால் என்ட்சோவை மட்டும் பதிவதில் அர்த்தம் குறைவு.

போர்த்துக்கேய லோரென்சுவும் அழகான பெயர். ஆனால் அதன் உயிர் ஒரு சிறு வாலில் தொங்குகிறது. சி எழுத்தின் அடியில் இருக்கும் அந்தக் கொக்கிதான் அதை ‘ச’ ஆக்குகிறது. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். வரிக்கு 44 இடம், ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் அம்புக்குறியும் மட்டுமே அங்கே நிற்கும். கொக்கி விழுந்து வெறும் சி ஆகிவிடும். ஓ-வுக்கு முன் நிற்கும் சி ‘க’ என்று ஒலிக்கும் என்பதால், விமான நிலையத்தில் ‘லொரென்கோ’ என்று கூப்பிடுவார்கள். விமானச் சீட்டு எடுக்கும்போதும் கொக்கி இல்லாமல் அந்த வரியில் உள்ளபடியே கொடுக்க வேண்டும்.

லாஷ், லவ்ரி, லோரென்ட்ஸ்: வடக்கும் நடுவும்

நார்வே, சுவீடன் குடும்பங்களுக்கு லார்ஸ் இயல்பாகத் தோன்றும். நாலே எழுத்து. ஆனால் ஸ்டாக்ஹோமிலும் ஒஸ்லோவிலும் ஆர்-எஸ் இரண்டும் சேர்ந்து நாவளைத்த ஒரே ஒலியாகி ‘லாஷ்’ என்றுதான் கேட்கும். பெர்கனிலும் தெற்கு சுவீடனிலும் ர தனியே நிற்கும். டென்மார்க்கில் ர கரைந்து ‘லாஸ்’. தமிழனுக்கு இந்த ஷ் மிக எளிது. சிக்கல் வேறு இடத்தில். சுவீடனில் லார்ஸ் பெரும்பாலும் தாத்தாக்களின் பெயர், லாஷோன் என்ற குடும்பப் பெயரும் எங்கும் உண்டு. ரோம வரலாற்றில் வரும் லார்ஸ் போர்சென்னாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது பழைய இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்களின் பெயர்.

ஃபின்லாந்தின் லவ்ரி என் கணிப்பில் இந்தக் குடும்பத்திலேயே தமிழ் வாய்க்கு மிகப் பொருத்தமான வடிவம். கடின ஒலி எதுவும் இல்லை, குறி இல்லை, உருபு சேர்த்தாலும் ‘லவ்ரின்’ என்று நிலைக்கும். ஆனால் இங்கிலாந்துக்குப் போனால் ‘லாரி’ என்று வாசிப்பார்கள், ஆணா பெண்ணா என்றும் தயங்குவார்கள்.

ஜெர்மன் மொழி வட்டாரத்தில் லோரென்ட்ஸ் உறுதியான தெரிவு. நெதர்லாந்தில் லவ்ரென்ஸ். சுவிட்சர்லாந்தில் முடிவெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே நான்கு தேசிய மொழிகளுக்கும் தனித்தனி வடிவம் இருக்கிறது: லோரென்ட்ஸ், லொரான், லொரென்ட்சோ, ரொமான்ஷில் லுரென்ய். எதை வைத்தாலும் வேறு மூன்று பகுதிக்காரர்கள் அது எந்தப் பெயர் என்று உடனே புரிந்துகொள்வார்கள். 

வவ்ஜின்யெட்ஸும் லோரின்ட்ஸும்: தங்கிவிடுபவர்களுக்கு மட்டும்

போலிஷ் வடிவத்தில் எழுவாயில் குறி இல்லை, பத்து எழுத்தும் சாதாரண எழுத்துகள்தான். வேற்றுமை உருபு ஏறியதும் என்-னின் தலையில் சாய்கோடு வந்துவிடும். செக் வடிவத்தில் முதலிலிருந்தே ஒரு சிறப்பெழுத்து உண்டு. ரகரத்தையும் ஜகரத்தையும் ஒரே நொடியில் சொல்லும் ஒலி அது, பிறமொழியார் பலருக்கு வாழ்நாள் முழுவதும் வராது. கூப்பிடும்போது விளி வேற்றுமையில் ‘வவ்ர்ஜின்சே’ என்று மாறும். முருகன் முருகா ஆவது போலத்தான், நமக்கு இது விநோதமில்லை.

ஹங்கேரிய லோரின்ட்ஸ் எழுத்தில்தான் சிக்கிக்கொள்கிறது. முதல் உயிரின் தலையில் இரட்டைச் சாய்கோடு. இரட்டைப் புள்ளி போட்டால் அது குறில், வேறு எழுத்து. ‘ஏ’ சொல்லும் இடத்தில் நாக்கை வைத்து ‘ஓ’ போல உதட்டைக் குவித்தால் வருவது இதன் ஒலி. பிரான்ஸில் பிறப்புப் பதிவில் அனுமதிக்கப்படும் குறிகளை 2014 ஜூலை 23 தேதியிட்ட சுற்றறிக்கை பட்டியலிடுகிறது. கொக்கி போட்ட சி அதில் இருக்கிறது, இரட்டைப் புள்ளி ஓ இருக்கிறது, இரட்டைச் சாய்கோட்டு ஓ இல்லை. எனவே போர்த்துக்கேய வடிவத்தைப் பிரான்ஸில் சரியாகப் பதியலாம், ஹங்கேரிய வடிவத்தைப் பதிய முடியாது. ஹங்கேரியிலோ குடிமக்களின் பெயர்கள் ஹங்கேரிய எழுத்துமுறைப்படி இருக்க வேண்டும், முதற்பெயர் இரண்டுக்கு மேல் கூடாது. அந்த ஊரில் ஆகஸ்ட் 10-க்குப் பிறகு தர்ப்பூசணி ருசிக்காது, லோரின்ட்ஸ் அதில் சிறுநீர் கழித்துவிட்டார் என்பார்கள். லோரின்ட்ஸ் என்று பெயருள்ள எல்லாரும் ஆண்டுதோறும் கேட்கும் பேச்சு இது.

ருமேனிய லவ்ரென்ட்சியுவில் டி-யின் அடியில் வரவேண்டியது காற்புள்ளி. பழைய கணினிகள் அதற்குப் பதில் கொக்கி போட்ட டி-யைத் தந்தன. காற்புள்ளி எழுத்து யூனிகோடில் சேர்ந்தது 1999-இல்தான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு வேறு வேறு. பதிவேட்டில் தேடினால் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று வரும்.

அயர்லாந்தில் லவ்ராஸ் என்பது லவ்ரென்டியுஸின் நேர் வாரிசு. லொர்கான் அப்படியல்ல. டப்ளின் பேராயர் லொர்கான் உவா டூஹலின் பெயரை ஆங்கிலத்தில் லாரன்ஸ் ஓடூல் என்று எழுதியதால் இரண்டும் ஒன்றென்று பரவிவிட்டது. லொர்கான் தனி ஐரிஷ் பெயர், ‘சீற்றமுள்ளவன்’ என்ற வேரிலிருந்து வந்தது. அவர் திருநாளும் நவம்பர் 14.

பெண் குழந்தை என்றால்

இத்தாலியில் லொரென்ட்சா, பிரான்ஸில் லொரான்ஸ், ஆங்கிலத்தில் லாரன். எல்லையில் தடுமாறாத பெயர் வேண்டுமானால் லவ்ரா என்ற லாராவை எதுவும் மிஞ்சாது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ஒரே எழுத்துக்கூட்டல். ஆனால் லாரா லவ்ரென்டியுஸின் மகள் அல்ல. ஊரைத் தொடாமல் நேரே லவ்ருஸ் மரத்திலிருந்து வந்த தங்கை. பாட்டனின் பெயரோடு உறவு இலை வழியில் மட்டும்.

பதியும் முன் செய்ய வேண்டியவை

முதலில் குடும்பப் பெயரைப் பாருங்கள். தகப்பன் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டு குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பாட்டன் பெயர் ஏற்கெனவே கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். அங்கே பேரனுக்கு லொரென்ட்சோ வைத்தால் ‘லொரென்ட்சோ லாரன்ஸ்’ என்று ஒரே பெயர் இரண்டு முறை வரும். அப்படிப்பட்ட வீட்டில் பாட்டன் பெயர் ஏற்கெனவே பேரனிடம் இருக்கிறது. முதற்பெயருக்கு வேறொன்றைத் தேடலாம்.

அடுத்து, குறிகளை எல்லாம் நீக்கிப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, உறவினர் வாழும் ஒவ்வொரு நாட்டு மொழிக்காரர் ஒருவரிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசிப்பதில் எது உங்களுக்கு வேறு பெயராகக் கேட்கிறதோ அதை விட்டுவிடுங்கள். பிறகு தொலைபேசியில் சொல்லி, மறுமுனையில் எழுதியதைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு நாட்டில் வாழ்க்கை என்றால் லொரென்ட்சோ, ஜெர்மன் மொழி நாட்டில் நிலைத்த வாழ்க்கை என்றால் லோரென்ட்ஸ், ஃபின்லாந்தில் லவ்ரி என்பதே என் தீர்ப்பு. லாரன்ஸை விட மனமில்லாதவர்கள் டபிள்யூ எழுத்துக்கூட்டலில் இரண்டாம் பெயராக வைக்கலாம். சுவீடன், ஃபின்லாந்து, செக், ஹங்கேரி எல்லாவற்றிலும் பெயர்நாள் (நாட்காட்டியில் அந்தப் பெயருக்கென்று குறித்த நாள்) ஆகஸ்ட் 10 என்பதால் எந்த வடிவத்துக்கும் வாழ்த்து அதே நாளில் வரும்.

ஜெர்மனியில் முன்பு ஆண்பால் பெண்பால் தெளிவில்லாத பெயருக்கு இரண்டாம் பெயர் ஒன்றை வற்புறுத்துவார்கள். ஓர் இந்தியப் பெயர் தொடர்பான வழக்கில் 2008 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. டென்மார்க்கில் அங்கீகரிக்கப்பட்ட முதற்பெயர்ப் பட்டியல் இருக்கிறது. அதில் இல்லாத வடிவத்துக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

கால அளவும் நாட்டுக்கு நாடு வேறு. டென்மார்க்கிலும் நார்வேயிலும் பெயர் கொடுக்க ஆறு மாதம், சுவீடனில் மூன்று மாதம். ஜெர்மனியில் பிறப்பை ஒரு வாரத்துக்குள் அறிவிக்க வேண்டும். பிரான்ஸில் ஐந்தே நாள், பெயரையும் அப்போதே சொல்லியாக வேண்டும். அங்கே பிள்ளை பிறக்கும் முன்பே எழுத்துக்கூட்டலைப் பெரிய எழுத்தில் எழுதி மருத்துவமனைப் பையில் வைத்துவிடுங்கள். பதிவாளர் தட்டச்சு செய்து காட்டும் நகலில் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.